என்னிடம் மட்டும் பேசாத குரல்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது எனக்கு நடந்தது. என் கணவருக்கு நடந்தது. நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது நடந்தது. ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

அப்போது எங்கள் ஊர் இசைச் சங்கத்துக்கு நான் செயலாளராகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தலைவர், ஒரு பீரோ, பாட்டென்றால் உயிரை விடுகிற ஏழெட்டுப் பேர். அவ்வளவுதான். தலைவர் கப்பலில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நெடுநாள் ஆசை ஒன்று இருந்தது. பாட்டே தெரியாதவர்களுக்காக இசையைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் நடத்த வேண்டும். சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு, பொது நூலகத்தின் மாடி மண்டபத்தில். யார் வேண்டுமானாலும் வரலாம்.

அந்த வேலையை நான் வரிந்துகட்டிக்கொண்டு வாங்கினேன். எனக்கு ஓரளவு பாட வரும். மேடையேறும் அளவுக்கு வராது. வீட்டிலும் வெளியிலும் என் பேரைச் சொல்லி யாரும் பாராட்ட ஒரு காரணமும் அதுவரை வாய்க்கவில்லை. இதுவாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இடது காது போய்விட்டது. சுத்தமாகக் கேட்காது. தெருவில் நடந்தாலும் சாப்பிட உட்கார்ந்தாலும் நான் அவருக்கு வலது பக்கம்தான். பதினொரு வருடப் பழக்கம். கச்சேரிக்குக் கூப்பிட்டால், “இருக்கறதே ஒரு காது, அதையும் எதுக்கு வீணாக்கணும்” என்பார்.

முதல் சொற்பொழிவு ஒரு வயலின் அம்மாவுடையது. மண்டபத்தில் எண்பது நாற்காலிகள் போட்டிருந்தேன். பாதி நிறைந்தாலே பெரிய விஷயம் என்று தலைவர் சொல்லியிருந்தார். பேருந்து நிறுத்தத்திலும் சந்தையிலும் மருத்துவமனைச் சுவரிலும் நானே சுவரொட்டி ஒட்டியிருந்தேன். அதை யார் நின்று படிக்கப்போகிறார்கள் என்று எனக்கே சந்தேகம்.

ஐந்தே முக்காலுக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. சுவரோரம் ஆட்கள் நின்றார்கள்.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் தொலைபேசியில் அவ்வளவு அன்பாகக் கூப்பிட்ட பிறகு எப்படி வராமல் இருப்பது என்றார். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் சிரித்து வைத்தேன். பின்னாலேயே ஒரு தையற்காரம்மா வந்தார். அவரும் அதையே சொல்ல ஆரம்பித்தார். நான் பதில் சொன்னதும் நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“இல்லையே. நீங்க இல்ல. அது வேற குரல்.”

கொஞ்ச நேரம் அந்தக் குரலை நினைத்துக்கொண்டவர் போல நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் வந்திருந்தார்கள். நூலகத்தின் எண்ணிலிருந்து அழைப்பு போயிருக்கிறது. பேசியது ஒரு பெண். பெயர் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் அவரவருக்குப் பிடித்த மாதிரி பேசியிருக்கிறாள்.

எனக்குப் பயம் வரவில்லை. சுருக்கென்றது. சுவரொட்டி ஒட்டிக் கை வலித்தது எனக்கு, நல்ல பெயர் யாருக்கோ.

அடுத்த சனிக்கிழமை தாளத்தைப் பற்றிப் பேச ஒரு மேளக்காரர் வந்தார். ஆரம்பத்தில் கணக்கு வேண்டாம், கேட்பவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று இரண்டு முறை அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்று மேடையில் ஏறியதும் எல்லோரையும் நாடியில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அவரவர் நாடிக்கு ஏற்ப அவர் மெல்லத் தட்ட, குழந்தைகள்கூட அசையவில்லை.

முடிந்ததும் எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்டேன்.

“உங்க கூட வேலை பாக்கற அம்மாதான் சொன்னாங்க. கீழ படிக்கட்டுல பாத்தேன். நல்ல ஞானம் அவங்களுக்கு.”

என் கூட வேலை பார்க்கிற அம்மா என்று யாருமே இல்லை.

நூலகத்தின் வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள். அவள் குரலுக்காக எல்லோரும் அவளைக் குயில் என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைபேசி அவள் கைக்கெட்டும் தூரத்தில். எனக்கு வேறு யார்மேல் சந்தேகம் வரும்?

அதற்குள் வேறொன்று நடந்தது.

புதன்கிழமை மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கணவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சாதாரணமாக அவர் பேச்சு “ம்”, “சரி”, “வை” என்ற மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். அன்று சிரித்துச் சிரித்துப் பேசினார். கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்தவர் ஒருவர் தானே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போனதுகூடத் தெரியாமல் பேசினார். நான் சாப்பாட்டைப் பிரித்து வைத்து, தண்ணீர் ஊற்றி வைத்து, நின்றேன்.

கடைசியில் வைத்தார். யார் என்று கேட்டேன். உன் சங்கத்து அம்மா, நாலாவது சொற்பொழிவுக்கு என்னைக் கட்டாயம் வரச் சொன்னாங்க என்றார்.

“இவ்வளவு நேரம் என்ன பேசுனீங்க?”

“சும்மா... சின்ன வயசுல நாங்க இருந்த வீட்டுக்குப் பின்னால ரயில் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அதப் பத்தி.”

பதினொரு வருடத்தில் அந்த ரயிலை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை என்பது வேறு. ஆனால் முகம் தெரியாத ஒருத்திக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தார். கவனித்துக் கேட்டேன். பாட்டு.

மறுநாள் காலையிலேயே குயிலிடம் போய் நின்றேன். ஊரையெல்லாம் கூப்பிட்டுப் பேசுவதோடு நிற்காமல் என் வீட்டுக்காரரிடமும் உனக்கு என்ன பேச்சு என்று கேட்டேன். நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, நான் யார்கிட்டயும் பேசல. எனக்கு உங்க வீட்டுக்காரரைத் தெரியக்கூடத் தெரியாது.”

அழுதுகொண்டே அன்றைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். மூன்றாவது சொற்பொழிவுக்கு அவள் ஊரிலேயே இல்லை.

அன்றும் கூட்டம். அன்றும் அழைப்பு போயிருந்தது. மற்ற வாரத்தைவிட அதிகப் பேருக்கு.

நூலகருக்கு இது தெரிந்ததும் என்னை விநோதமாகப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து நூலகத்தின் தொலைபேசி பழுது, சரி பார்க்க ஆளே வரவில்லை என்றார். மேசைக்குப் போய் நானே எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. செத்துக் கிடந்தது.

குயில் ஊரிலிருந்து வந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவும் செய்தேன், பிறகு. ஆனால் அப்போது மனம் முழுக்க வேறு. குயில் இல்லையென்றால் யார்?

நாலாவது சனிக்கிழமை. கணவர் நான் கூப்பிடாமலே வந்தார். புதுச்சட்டை போட்டிருந்தார். முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல மேடை ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

அங்கிருந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வயதானவர் ஒருவர் அதை நோக்கி வந்தார். பக்கத்தில் வந்ததும், “ஓ... சரி சரி” என்று சொல்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அப்புறம் ஒரு பெண். அவளும் அப்படியே.

பேச்சு நடந்துகொண்டிருந்தது. கணவர் மேடையைப் பார்க்கவில்லை. அந்த நாற்காலிப் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். நடுநடுவே சிரித்தார். ஒரு தடவை வெட்கப்பட்டார். ஆமாம், வெட்கம்தான். கல்யாணமான புதிதில் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அவரே ஆரம்பித்தார். அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார்களாம். இல்லையென்றால் ஒன்றும் புரிந்திருக்காதாம்.

“எந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்க?”

“இந்தப் பக்கம்.”

கையை உயர்த்தித் தொட்டுக் காட்டினார்.

இடது காது.

அவரும் நின்றுவிட்டார். விரல் காதிலேயே இருந்தது. கடையில் அன்று தொலைபேசியை அவர் எந்தக் காதில் வைத்திருந்தார் என்று யோசித்தேன். அதுவும் இடதுதான். சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை நேரம் எதிரில் நின்றும் எனக்கு உறைக்கவில்லை.

அவருக்கு வலது பக்கமாக நின்று, இனி வர வேண்டாம் என்று சொன்னேன். சரி என்றார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் பயந்திருக்க வேண்டும். பயந்தேன்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. பதினொரு வருடமாக நான் எவ்வளவு கத்தினாலும் போய்ச் சேராத ஒரு காது அவரிடம் இருக்கிறது. அதில் ஒருத்தி மெதுவாகப் பேசுகிறாள். வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் கடையில் தொலைபேசி மணி அடித்தபோது அவரை முந்திக்கொண்டு நானே எடுத்தேன்.

“ஹலோ.”

பதில் இல்லை. ஆனால் வெறும் அமைதியும் இல்லை. நிறையப் பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய அறை மாதிரி...

“யாருங்க? என்ன வேணும் உங்களுக்கு?”

டொக்.

வைத்துவிட்டாள். ஊரில் எல்லோரிடமும் பேசுகிறவள் என்னிடம் பேசவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது கோபமா, அவமானமா... இன்றுவரை தெரியவில்லை.

ஐந்தாவது சொற்பொழிவு ஒன்றும் இல்லாமல் முடிந்தது. கணவர் வரவில்லை. அழைப்பும் யாருக்கும் போகவில்லை. இருபது பேர்தான் வந்தார்கள். தலைவர் என்னைக் குறையாகப் பார்த்தார். இந்த வாரம் அந்த அம்மாவை ஏன் கூப்பிடச் சொல்லவில்லை என்று கேட்டார்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. தலைப்பு, மனிதக் குரல். பேச இருந்தவர் ஒரு தொண்டை மருத்துவர். ஐந்தரைக்கு அவரிடமிருந்து செய்தி. அவசரமாக ஓர் அறுவைச் சிகிச்சை, அரை மணி நேரம் தாமதமாகும், மன்னிக்கவும்.

மண்டபம் அதற்குள் பிதுங்கி வழிந்தது. அத்தனை கூட்டத்தை ஆறு வாரத்தில் நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் என் கணவர். வர வேண்டாம் என்றதற்குச் சரி சொன்னவர். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். மருத்துவர் வர நேரமாகும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, அவரை அழைத்து வரக் கீழே வாசலுக்குப் போனேன்.

ஆறு ஐந்து. ஆறு பத்து. தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மருத்துவர் வரவில்லை.

ஆறு பதினைந்துக்கு மாடியில் கைதட்டல் கேட்டது.

யாரோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். தலைவராக இருக்கும் என்று நினைத்தேன். படியேறினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

பெண் குரல்.

சொல் எதுவும் புரியவில்லை. ஆனால் குரல் மட்டும் தெளிவாக வந்தது. அதை எப்படிச் சொல்வது... யாரோ எனக்குத் தெரிந்தவர் பக்கத்து அறையில் என்னைப் பற்றியே பேசுவதுபோல இருந்தது. ஒரு கணம் எனக்கும் அப்படியே படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம் போலத் தோன்றியது. ஒரு கணம்தான்.

மேலே போனேன். கதவு சாத்தியிருந்தது. சாத்தும் வழக்கமே இல்லை.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். ஒருவர் இருமவில்லை. ஒருவர் கண் சிமிட்டியதாகத் தெரியவில்லை. எல்லா முகங்களும் மேடையைப் பார்த்திருந்தன.

மேடையில் மைக் இருந்தது.

மைக்கின் முன்னால் யாரும் இல்லை.

குரல் போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் மெல்லச் சிரித்தார்கள்.

முன்வரிசையில் என் கணவர் எழுந்தார்.

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாக நடந்தார். மேடையின் ஓரத்தில் மரப்படிகள் உண்டு. முதல் படியில் கால் வைத்தார்.

கையை நீட்டினார்.

யாரோ பிடித்துக்கொள்வதற்காக நீட்டுவதுபோல.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

தோளால் இடித்தேன்.

இரண்டாவது படி...

அவர் முகம் தெரிந்தது. அந்தச் சிரிப்பு. அது எனக்கு உரியது. வேறு எவளுக்கும் இல்லை. எனக்குள் எங்கிருந்தோ அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கதவைக் காலால் உதைத்தேன். படாரென்று திறந்துகொண்டது.

“என்னங்க!”

அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

குரல் நின்றது.

ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. நூறு தலைகள் திரும்பின.

நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி அவர் நீட்டிய கையைப் பிடித்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. உள்ளங்கை மட்டும். மணிக்கட்டில் சாதாரணச் சூடுதான்.

“வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

தூக்கத்தில் எழுந்தவர்போலப் பார்த்தார். வந்தார்.

மண்டபத்தில் எல்லோருக்கும் என்மேல் கோபம். தபால் நிலையக்காரர் நேரடியாகவே கேட்டுவிட்டார், இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று. தலைவர் முகம் கொடுத்தே பேசவில்லை. என்ன பேசினார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். தையற்காரம்மா தன் அம்மாவின் குரலைப் பற்றி என்றார். மேளக்காரர் அன்று கேட்க வந்திருந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் படியிறங்கும்போது மருத்துவர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.

என் கணவருக்கு அன்று எழுந்து நடந்ததே நினைவில்லை. மேடையில் ஒரு அம்மா நின்றது நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை.

செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். நான் சொல்வதற்கு முன் அவர்களே சொல்லிவிடுவார்கள்போல இருந்தது. எல்லோரும் ரசித்துக் கேட்ட பேச்சை நடுவில் கெடுத்தவள் என்ற பெயர் ஊரில் நின்றுவிட்டது. வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்றும் சிலர் சொன்னார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். கடையில் தொலைபேசி அதற்கப்புறம் வியாபாரத்துக்கு மட்டும்தான் அடித்தது.

நாலைந்து மாதம் போயிருக்கும். கணவர் சாப்பிடப் போயிருந்தார். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். ஐம்பது வயது இருக்கும், ஒரு பெண்மணி உள்ளே வந்தார். வெளியூர். கண்ணாடி எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. இசைச் சங்கத்தில் செயலாளராக இருந்தது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் அவர். ஏழு வருடத்துக்கு முன்னால். இந்தத் தலைவர் வருவதற்கு முன், அவர் காலத்திலும் இதே மண்டபத்தில் இசைச் சொற்பொழிவுகள் நடந்தனவாம். அவருடைய கணவர் யாரோ ஒருத்தியோடு போய்விட்டார் என்று ஊரில் பேச்சாகி, அவமானம் தாங்காமல் இவர் ஊரை விட்டே போனாராம். நாங்கள் அப்போது இந்த ஊரில் இல்லை, சங்கத்தில் யாரும் என்னிடம் அவரைப் பற்றி வாயே திறக்கவும் இல்லை. மரியாதைக்காக மறைத்திருப்பார்கள். என் விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. அதற்காகவே பேருந்து ஏறி வந்திருக்கிறார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்காரு. சாப்பிடப் போயிருக்காரு.”

ஒரு பெருமூச்சு விட்டார். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கடைசி நாள் அவ பேசிட்டு இருக்கும்போதே நீங்க உள்ள போயிட்டீங்களாமே. நடுவுலயே.”

“ஆமா. கதவை உதைச்சுட்டுப் போனேன்.”

“எனக்கும் போகணும்னு இருந்துச்சு... ஆனா எல்லாரும் அவ்வளவு ரசிச்சுக் கேட்டுட்டு இருக்காங்க, நான் போய்க் கெடுத்தா பொறாமைன்னு சொல்வாங்களேன்னு வெளியிலயே நின்னுட்டேன். முடிஞ்சுது. கை தட்டினாங்க. ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க. கடைசி ஆளும் வந்தாச்சு. அவர் வரல. உள்ள போய்ப் பாத்தேன்... நாற்காலி மட்டும்தான் இருந்துச்சு.”

வேறு வழியாகப் போயிருப்பாரோ என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த மண்டபத்துக்கு ஒரே கதவுதானே. அதுலதான் நான் நின்னுட்டு இருந்தேன்.”